ஓ.ரி.பி.யை நாமே சொல்லிவிட்டால் சட்டம் கைவிட்டுவிடுமா?

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டத்தில் வசிக்கிறேன். வெளிநாட்டிலிருந்து அண்ணா அனுப்பும் பணம் அம்மாவின் வங்கிக் கணக்கில் சேர்கிறது. சென்ற வாரம் மடிக்கணினித் திரை முழுவதும் மைக்ரோசொஃப்ட் சின்னத்துடன் ஓர் எச்சரிக்கை தோன்றி, அபாய ஒலி எழுந்தது. அதிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன். பேசியவர் சொன்னபடி கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியை நிறுவி, அம்மாவின் தொலைபேசிக்கு வந்த ஓ.ரி.பி. என்ற ஒருமுறைக் கடவு இலக்கத்தையும் சொன்னேன். 3,80,000 ரூபாய் போய்விட்டது. நாங்களே கொடுத்ததால் தமக்குப் பொறுப்பில்லை என்கிறது வங்கி. கொழும்புக்குப் போகச் சொல்கிறார்கள் பொலிஸார். என்ன செய்யலாம்?

பதில்: வங்கி சொல்வதையும் சட்டம் சொல்வதையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓ.ரி.பி.யைச் சொன்னது, நட்டத்தை யார் தாங்குவது என்று வங்கிக்கும் உங்கள் தாயாருக்கும் இடையே எழும் பிணக்கில் உங்களுக்குப் பாதகமாகலாம். ஆனால் மோசடிக்காரரின் குற்றத்தை அது கடுகளவும் குறைக்காது. பொய்யை நம்பவைத்துப் பெற்ற சம்மதத்தைத் தண்டனைச் சட்டக்கோவை சம்மதமாக ஏற்பதில்லை. ஆள்மாறாட்டம் செய்து பணம் பறிப்பது அக்கோவையின் 399ஆம், 403ஆம் பிரிவுகளுக்குள் வரும்; அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைந்து குற்றம் புரிவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் தனியாகத் தண்டிக்கிறது.

முறைப்பாட்டை உங்கள் பிரதேசப் பொலிஸ் நிலையமே பதிய வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். அழைத்த இலக்கம், நேரம், பணம் சென்ற கணக்கு, பரிமாற்றத் தொடரிலக்கம் ஆகியன அதில் இருக்கட்டும். கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அழிந்துபோகக்கூடிய தரவுகளை ஏழு நாட்கள் வரை பாதுகாத்து வைக்குமாறு புலனாய்வாளர் எழுத்தில் பணிக்கலாம். அக்காலத்தை நீதவான் நீடிக்கலாம். ஒரு வாரம் ஏற்கெனவே கழிந்துவிட்டதால், அவ்வாறு பணிக்குமாறு முறைப்பாட்டிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள்.

வங்கி விடயத்தில் என் கவலை வேறு. கணக்கு தாயாருடையது, ஆகவே கடிதத்தில் அவர் கையொப்பம் இல்லாவிட்டால், முறையிட்டவர் வாடிக்கையாளர் அல்லர் என்று வங்கி தட்டிக்கழிக்க இடமுண்டு. நீங்கள் வங்கிக்கு முதலில் அறிவித்த நேரம் எது, பணம் பெற்ற கணக்கிலிருந்து அது எடுக்கப்பட்ட நேரம் எது என்ற இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். அறிவித்த பின்னரும் பணம் வெளியேறியிருந்தால், ஓ.ரி.பி. என்ற ஒற்றைச் சொல்லால் வங்கி முழுப் பொறுப்பிலிருந்தும் விலகிவிட முடியாது என்று வாதிடலாம். வங்கியை அழைத்த பதிவு தொலைபேசியில் இருக்கும். இன்றே படமெடுத்து வையுங்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் நிதி நுகர்வோர் முறைப்பாடு செய்யலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் அவ்வங்கியின் பிராந்திய அலுவலகமும் உள்ளது. நிதி நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம்.

பணம் முழுவதும் திரும்பும் என்று நான் உறுதிகூற மாட்டேன். ஆனால் பணம் பெற்ற கணக்கு உள்நாட்டு வங்கியில் இருந்தால் அதற்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார். புலனாய்வு அவரிடமிருந்துதான் தொடங்கும்.

மைக்ரோசொஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் இடுவதில்லை. இலக்கத்துடன் வரும் திரை போலி என்று துணிந்து, உலாவியை மூடிவிடலாம். பொதிக்குச் சிறுதொகை கட்டச் சொல்லி அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்திகளும் இதே வகையைச் சேர்ந்தவை. ஐயமிருந்தால் இணையப் பாதுகாப்புக்கான இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 இலக்கத்தில் கேட்கலாம்.

மடிக்கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பொலிஸார் பார்க்கும்வரை அதை ஃபோர்மட் செய்ய வேண்டாம். சாட்சியம் அதற்குள்தான் இருக்கிறது. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கட்டணம் கேட்டு இனி எவராவது அழைத்தால், வழக்கறிஞர் என்றோ பொலிஸ் என்றோ அவர் சொன்னாலும், ஒரு சதமும் கொடுக்காமல் அந்த இலக்கத்தையும் முறைப்பாட்டில் சேர்த்துவிடுங்கள்.