பத்துக்குப் பன்னிரண்டு ரூமுக்கு வெளிநாட்டுப் பண லைசென்ஸ் எதற்கு?

கேள்வி: தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம், தோழியின் அத்தை வீட்டு மாடி ரூமில் நாங்கள் நான்கு பெண்கள் சாயங்காலம் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். ஞாயிற்றுக்கிழமை ரேஷன் கார்டு, ஆதார் திருத்தம் என்று அக்கம்பக்கத்தவருக்கு மனு எழுதிக் கொடுக்கிறோம். எல்லாம் கைக்காசு. 45,000 ரூபாய் கொடுத்தால் டிரஸ்ட், 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர், எஃப்சிஆர்ஏ எல்லாம் சேர்த்து எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஓர் ஏஜென்ட். ஆதார் ஜெராக்ஸும் வெற்றுத்தாளில் கையெழுத்தும் வாங்கிப் போயிருக்கிறார். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கைக்காசில் நான்கு பேர் சேர்ந்து பிள்ளைகளைப் படிக்க வைக்க யாரிடமும் போய்ப் பதிய வேண்டியதில்லை. அடுத்தவரிடம் நன்கொடை என்று கை நீட்டும் நாள் வந்தால்தான் பதிவுப் பேச்சே.

அவர் சொன்ன பட்டியலைப் பாருங்கள். எஃப்சிஆர்ஏ என்பது வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கு. அமைப்புக்கு 3 வயதாகியிருக்க வேண்டும், அந்த 3 ஆண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். உங்கள் சாக்பீஸ் கணக்கை எப்படிக் கூட்டினாலும் அங்கே போய்ச் சேராது. கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் சிஎஸ்ஆர் பணத்துக்கும் 3 ஆண்டு வேலை செய்த தடம் கேட்பார்கள். ஆக இன்றைக்கு உங்களுக்குப் பயன்படாத இரண்டைப் பட்டியலில் போட்டு விலை ஏற்றியிருக்கிறார். டிரஸ்டுக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டும் வருமான வரித் துறை இணையதளத்தில், அரசுக் கட்டணம் இல்லாமல், முதலில் தற்காலிகமாக 3 ஆண்டுக்குக் கிடைக்கும். தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளப் பதிவும் இலவசம்தான்.

இந்த ஆட்களிடம் இன்னொரு சரக்கும் இருக்கிறது. "கம்பெனி உங்கள் கணக்கில் பத்து லட்சம் போடும், ஏழு லட்சத்தை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மூன்று லட்சம் உங்களுக்கு" என்பார்கள். பில் கேட்டு நோட்டீஸ் வரும் நாளில் அவர் போன் அணைந்திருக்கும், கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்வீர்கள்.

"கணபதிக்கு வசூல் பண்ணும் மண்டல்கள் (விழாக் குழுக்கள்) எல்லாம் பதிந்தா இருக்கின்றன?" என்று கேட்பீர்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். பதியாத மண்டல்கள் மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41சி பிரிவில் வசூலுக்கு அனுமதி வாங்குகின்றன. அது அந்த வசூலுக்கு மட்டும், தற்காலிகமானது, முடிந்ததும் கணக்குக் காட்ட வேண்டும். அந்த அனுமதிச் சீட்டை ஃபிரேம் போட்டு மாட்டிவைத்து ஐந்து வருடமாக "ரிஜிஸ்டர்டு" என்று ரசீது கிழித்த ஒரு மண்டலை எனக்குத் தெரியும். அந்தச் சீட்டையே டிரஸ்ட் பதிவு என்று விற்கிற ஏஜென்டும் உண்டு. உங்கள் வேலை வருடம் முழுக்க நடக்கிறது, பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க மாதாமாதம் வசூல் என்று போனால் 41சி உங்களுக்கு உதவாது.

அப்படி ஒரு நாள் பதிவதென்றால் டிரஸ்டுகளைப் பதியும், வர்லியில் உள்ள சாரிட்டி கமிஷனர் அலுவலகத்துக்கு நீங்களே போங்கள். சொசைட்டி, அதாவது சங்கம் என்றால் 7 பேர் வேண்டும், இங்கே சொசைட்டியையும் டிரஸ்டாகப் பதிந்தே ஆக வேண்டும், உங்களுக்கு டிரஸ்டே போதும். பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள், மராத்தி வராவிட்டால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தாராவி டிரஸ்ட் ஒன்றின் நோக்கங்களில் கோசாலை நடத்துவது என்று இருந்ததை நான் பார்த்திருக்கிறேன், வேறெங்கோ எழுதியதை அப்படியே ஒட்டியிருந்தார்கள்!

ஏஜென்ட் தன் மச்சானைப் பொருளாளராகப் போட்டுவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். ஆளை மாற்ற 90 நாளுக்குள் மாற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். நீங்கள் 90 நாளில் கொடுத்தாக வேண்டும், கமிஷனர் அலுவலகத்தார் மட்டும் தேதி மேல் தேதி போட்டு வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள், கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள். நான் கறுப்பு முடியோடு தாக்கல் செய்த அறிக்கை ஒன்று இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அத்தையிடமும் பேசிவிடுங்கள். அலுவலக முகவரிக்கு அவர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். மறுசீரமைப்பில் யாருக்கு மாற்று வீடு என்று கணக்கெடுக்கிற இடத்தில் வீட்டை டிரஸ்ட் ஆபீஸாகக் காட்டலாமா என்று அவர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது. பக்கத்தில் எஸ்ஆர்ஏ (குடிசை மறுவாழ்வுத் திட்ட) கட்டடம் ஏதாவது இருந்தால் அங்கே பால்வாடி, நல மையத்துக்கென்று அறை ஒதுக்கியிருப்பார்கள், பல இடங்களில் பழைய சாமான்தான் அடைத்துக் கிடக்கும். அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டிக் கமிட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் அப்புறம். நாளைக்குக் காலையில் நான்கு பேருமாகப் போய் அந்த வெற்றுத்தாள்களைத் திரும்ப வாங்குங்கள். தொலைந்துவிட்டது என்றால், இன்ன தேதியில் இத்தனை தாளில் கையெழுத்து வாங்கினார், அதை வைத்து எதுவும் செய்யக் கூடாது என்று அவருக்குப் பதிவுத் தபால் அனுப்பி, நகலைக் காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள்.