லிண்டலில் இறங்காத பிட்: பேட்டரி ஹாமர் பற்றிச் சில கேள்விகள்

என் வேலை மெஷின் பழுது பார்ப்பது. எந்த மெஷின் நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, எது எப்படி உடைந்து வருகிறது என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடிகிறது.

வயர்மேன், வில்லாபுரம்: என் பேட்டரி டிரில்லிலும் சுத்தியல் படம் போட்டிருக்கிறது. செங்கல்லில் நன்றாக இறங்குகிறது. ஜன்னலுக்கு மேலுள்ள லிண்டல் காங்கிரீட்டில் பிட் சுற்றுகிறதே ஒழிய உள்ளே போகவில்லை. மெஷின் போய்விட்டதா அண்ணே?

போகவில்லை தம்பி, அது வேறு ரகம். உங்கள் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் உரசித் துள்ளுகின்றன. நீங்கள் அழுத்தினால்தான் அந்தத் துள்ளலுக்கு உயிர். காங்கிரீட்டுக்கு வேண்டியது ரோட்டரி ஹாமர். அதில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்குகிறது, அந்தக் காற்று ஓர் இரும்புக் கட்டையைத் தள்ளிப் பிட்டின் முதுகில் அடிக்க வைக்கிறது. அடி மெஷினுடையது, உங்கள் தோளுக்கு அதில் வேலை இல்லை. பழைய பழக்கத்தில் நெஞ்சைக் கொடுத்து அமுக்கினால் வேலை வேகமாகாது, மணிக்கட்டுதான் வலிக்கும்.

பிட்டும் வேறு. எஸ்.டி.எஸ். பிளஸ் என்று கேட்டு வாங்குங்கள், தண்டு 10 மி.மீ. இருக்கும். பிட்டை மெஷினில் மாட்ட 1975-ல் போஷ் கொண்டுவந்த முறை இது. இன்று எந்தக் கம்பெனியின் சின்ன ஹாமரிலும் அதே பிட் மாட்டும். செருகுவதற்கு முன் தண்டில் துளி கிரீஸ் தடவுங்கள். தடவாதவர்கள் புண்ணியத்தில் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது.

செல்லூர் வாசகர்: ஆன்லைனில் 128 வோல்ட் ஹாமர், 18 வோல்ட் மெஷினில் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

அப்படி வந்த ஒரு பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஐந்து செல் வரிசைதான். ஒரு லித்தியம் செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் 21. பெரிய கம்பெனிகள் 20 வோல்ட் மேக்ஸ் என்று போடுவதும் இதே ஐந்து செல்தான். 128 பெட்டிமேல் மட்டும் இருக்கிறது.

ஏ.சி. மெக்கானிக், திருநகர்: 2 ஜூல், 2.6 ஜூல் இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்தேன். பெரியதையே எடுத்துவிடலாமா? பாதி நாள் ஏணிமேல்தான் நிற்கிறேன்.

கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது.

ஜூல் என்பது ஒரு அடியின் பலம். மகிடா டி.எச்.ஆர். 171-ல் அது 1.2, 6 அல்லது 8 மி.மீ. ஸ்க்ரூ பிளக் ஓட்டைக்கு ஏற்றது. போஷ் ஜி.பி.எச். 180-ல் 1.7. மகிடா 242-ல் 2. ஏ.சி. ஸ்டாண்டுக்குப் போடும் 10, 12 மி.மீ. ஓட்டைக்கு 2 ஜூல் தாராளம். அட்டையில் 24 மி.மீ. என்று போட்டிருப்பது உச்சம், அதில் பாதி அளவுதான் மெஷினுக்குச் சுகமான வேலை. பைப்புக்கான பெரிய ஓட்டைக்கு 2.6-ம் பற்றாது. அதற்கு வயர் மெஷினைக் கொண்டுபோங்கள்.

எடையைப் பேட்டரி மாட்டிப் பாருங்கள். பல கம்பெனிகள் பேட்டரி இல்லாத எடையைத்தான் போடுகின்றன. 5 ஆம்பியர் (அட்டையில் 5 Ah, ஆம்பியர்-ஹவர்) பேட்டரி மட்டுமே அரை கிலோவைத் தாண்டும். நானாக இருந்தால் ஏணிமேல் 2 ஆம்பியர், தரையில் 5 ஆம்பியர் மாட்டுவேன்.

இனி அதிர்வு. கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஐரோப்பாவில் 2002-ல் விதி போட்டார்கள்: எட்டு மணி நேரக் கணக்கில் கைக்கு வரும் அதிர்வு 2.5-ஐ (அளவு m/s²) தொட்டால் முதலாளி ஏதாவது செய்தாக வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. அதிர்வு இரண்டு மடங்கானால் அனுமதிக்கும் நேரம் கால்வாசியாகும். 10 என்று போட்ட மெஷினில் அரை மணியிலேயே முதல் எல்லை வந்துவிடும், இரண்டு மணியில் அடுத்தது. ஏணியில் நிற்கும் நேரம் கணக்கில்லை, பிட் அடிக்கிற நேரம் மட்டும். நம் ஊரில் விரல் வெளுத்து மரத்துப்போனால் வயசாச்சு என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். இரண்டு மெஷினுக்கும் அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து, குறைவானதை எடுங்கள்.

இன்னொன்று. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியில் பிட் சிக்கினால் மெஷினே திரும்பும். பிட் சிக்கினால் சுற்றலை விடுவிக்கும் கிளட்ச் இருந்தும் எனக்கு ஒருமுறை மணிக்கட்டு பிசகி, ஒரு வாரம் இடது கையால் சாப்பிட்டேன். அன்று பக்கக் கைப்பிடியைக் கழற்றி வைத்திருந்தேன். மெஷின் திரும்பினால் தானே நின்றுவிடும் வசதி சில மாடல்களில் உண்டு. ஏணி வேலைக்காரர் அதற்குக் கூடுதல் காசு கொடுக்கலாம்.

மேலூர் விவசாயி: வேலிக் கல்தூணில் கிளாம்ப் மாட்ட ஓட்டை போட வேண்டும். பேட்டரி மெஷின் தாங்குமா?

உங்கள் ஊர்க் கல்லைச் சாதாரண வீட்டுக் காங்கிரீட்டோடு சேர்க்க முடியாது. வீட்டுக்குப் போடும் எம்20 காங்கிரீட் 20 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கினால், உங்கள் கல்லான கிரானைட் 100-க்கு மேல் தாங்கும். 8 மி.மீ. வரை போடலாம், ஆனால் நிதானமாக. நடுவில் நிறுத்தித் தூளை வெளியே இழுங்கள். பிட் நுனி சிவக்கிறதென்று தண்ணீரில் முக்காதீர்கள், நுனியில் உள்ள கார்பைடு விரிசல் விட்டுவிடும். இருபது முப்பது தூண் இருந்தால் வயர் மெஷினை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் முடியுங்கள்.

மேல மாசி வீதி வாசகி: தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர். படம் மாட்ட ஓட்டை போட்டால் பாளம் பாளமாக விழுகிறது.

ஹாமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றலில் போடுங்கள் அம்மா. அவ்வளவுதான்.

திருமங்கலம் வாசகர்: மத்தியானம் சார்ஜரில் போட்டால் விளக்கு மின்னுகிறது, ஏறுவதில்லை. ராத்திரி நன்றாக ஏறுகிறது.

பேட்டரி, உங்கள் பைக்கின் பெட்டிக்குள் வெயிலில் வெந்திருக்கும். சூடு தணியும்வரை சார்ஜர் ஏற்றாது. அது பழுதில்லை, பாதுகாப்பு. நிழலில் ஃபேனுக்குக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள். ஒருவர் அவசரத்துக்கு ஃப்ரிட்ஜில் வைத்தார். வெளியே எடுத்ததும் பேட்டரி வியர்த்து, என்னிடம் வரும்போது உள்ளே போர்டு பச்சை பூத்திருந்தது.