ஐப்பசியில் ஹுவே

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 29 வயது. கோவையில் மென்பொருள் வேலை. தீபாவளிக்கு மறுநாள் கிளம்பி 24 நாள் தனியாகச் சுற்றிவர ஆசை. தாய்லாந்தில் பாங்காக், சியாங் மாய்; லாவோஸில் லுவாங் பிரபாங், வியன்டியான்; வியட்நாமில் ஹனோய், ஹா லாங், ஹுவே, ஹோய் ஆன், சைகோன்; கம்போடியாவில் புனோம் பென், சியம் ரீப் (அங்கோர் கோயில்கள் அங்கேதான்). அங்கிருந்து மறுபடி சைகோன் வந்தால் கோலாலம்பூருக்கு மலிவாக டிக்கெட் இருக்கிறது, அப்படியே பினாங். வியட்நாமுக்கு ஒருமுறை நுழையும் இ-விசா எடுக்கப்போகிறேன். எக்செல்லில் பதினோரு முறை திருத்திவிட்டேன், இன்னும் நாள் இடிக்கிறது. ஹுவேயை இரண்டு நாளிலிருந்து ஒன்றாக்கினேன், அங்கோரை மூன்றிலிருந்து ஒன்றாக்கினேன். பேசாமல் லாவோஸை எடுத்துவிடலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? பெண் தனியாகப் போகலாமா? அம்மாவுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் ஒரு பழைய டைரியைத் தேடி எடுத்தேன். ஹுவே பற்றி எழுதிய பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஸ்கேலை உள்ளே விட்டுத்தான் பிரிக்க முடிந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நனைந்த பக்கங்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வியட்நாமில் சைவத்துக்கு ‘சாய்’ என்று பெயர். அதை எழுதி வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் காட்டுங்கள், உச்சரிப்பை நம்பாதீர்கள். அமாவாசையும் பௌர்ணமியும் ஒட்டி அங்கே நிறைய பேர் சைவம்தான் சாப்பிடுகிறார்கள். சைவக் கடை அல்லாத இடங்களில் மீன் சாறு இல்லாத குழம்பு கிடைப்பது கஷ்டம். அம்மாவுக்கான பதிலை என்னிடம் கேட்காதீர்கள். நான் ஆண், இரவு பத்து மணிக்குத் தெருவில் நடக்கும்போது எனக்கு எதுவுமே தோன்றியதில்லை. அந்த ஊர்களுக்குத் தனியாகப் போய்வந்த பெண்கள் எவ்வளவோ பேர், அவர்களைக் கேளுங்கள். விசா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் திட்ட வேண்டும். ஒருமுறை நுழையும் விசாவில் சைகோனை விட்டுக் கம்போடியா போனால் அதோடு அது முடிந்தது. திரும்பி வரும்போது எல்லையில் என்ன செய்வதாக இருந்தீர்கள்? பதினோரு முறை திருத்தியவர் கண்ணில் இது படவில்லை, மலிவு டிக்கெட் பட்டிருக்கிறது!

சரி, மழைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மழை என்ற சொல்லே இல்லை. கோவைக்காரர் இப்படி எழுதலாமா? ஆனி, ஆடியில் வாளையாறு தாண்டினால் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும், கோவையில் காற்று மட்டும் வீசும். தென்மேற்குப் பருவக்காற்றை மலை தடுத்து அந்தப் பக்கமே பிழிந்துவிடுகிறது. நமக்கு மழை ஐப்பசியில், காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வரும்போது. வியட்நாமின் நடுப்பகுதியிலும் அச்சாக இதே கணக்குதான். அங்கே மேற்கில் ட்ரூங் சோன் மலைத்தொடர் நிற்கிறது. கோடையில் லாவோஸ் பக்கம் மழை பெய்யும்போது ஹுவேயும் டா நாங்கும் காய்ந்து கிடக்கும். ஐப்பசி பிறந்ததும் கடலிலிருந்து வரும் காற்று அதே மலையில் கிழக்குப் பக்கமாக முட்டி, மொத்தத்தையும் அந்த ஒடுக்கமான கரையில் இறக்கிவிடும். சைகோனும் கம்போடியாவும் கேரளக் கணக்கு, வைகாசியில் பிடித்து ஐப்பசியோடு அடங்கும். ஹுவேயும் ஹோய் ஆனும் கடலூர், நாகப்பட்டினம் கணக்கு. ஒரே நாட்டுக்குள் இரண்டு பஞ்சாங்கம். ‘ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை’ என்று நம் பாட்டிகள் சொன்னதை ஹுவே பாட்டிகளிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். நீங்கள் ஹுவேயைச் சரியாக அந்த நடுவில் போட்டு, அதிலும் ஒரு நாளைக் குறைத்திருக்கிறீர்கள்.

நானும் இதைத்தான் செய்தேன், அதனால்தான் இவ்வளவு கோபம். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர், ரயிலில் இறங்கி இறங்கிப் போய் அப்படியே அங்கோர் என்பது திட்டம். அக்டோபர் கடைசியில் ஹுவேயில் இறங்கினேன். இரண்டாம் நாள் இரவு ஹுவோங் ஆறு கரை ஏறியது. காலையில் விடுதி வீட்டம்மா மாடிப்படியில் பலகை போட்டு மோட்டார் பைக்கை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு கை பிடித்தேன். அறுபது வயதிருக்கும், முகத்தில் பதற்றமே இல்லை. கீழ் அறைச் சுவரில் பென்சில் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வருடம். 1999 என்ற கோடு என் தலைக்கு மேலே இருந்தது. அந்த வருட நவம்பர் வெள்ளம் அங்கே யாருக்கும் மறக்காது. எங்கள் தண்ணீர் முட்டிக்குக் கீழேதான். ஆனாலும் ரயில் இல்லை, மூன்று நாள் மாடியில் கஞ்சி.

அந்த மூன்று நாளும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஆற்றைப் பார்க்கவில்லை. காகிதத்தில் நாள் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ஹோய் ஆனில் ஒரு நாள் கிள்ளி, சைகோனில் ஒரு நாள் கிள்ளி, அங்கோரில் இரண்டு நாள் கிள்ளி. வீட்டம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியில் அக்டோபரையும் நவம்பரையும் விரலால் தட்டிக் காட்டிவிட்டுச் சிரித்தார்.

கிள்ளியதன் பலன் இதுதான். ஹோய் ஆனிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் மி சோனுக்குப் போகவில்லை. நாலாம் நூற்றாண்டில், வியட்நாமின் நடுப்பகுதியில் இருந்த சம்பா நாட்டின் பத்திரவர்மன் என்ற அரசன் சிவனுக்கு, பத்திரேசுவரன் என்ற பெயரில், கோயில் எழுப்பிய பள்ளத்தாக்கு. அங்கோரை ஒரே நாளில் ஓடிப் பார்த்தேன். மத்தியானம் துக்துக்கிலேயே தூங்கிவிட்டேன். அங்கே பாயோன் கோயிலின் கல் முகங்கள் என் புகைப்படத்தில் இருக்கின்றன, ஞாபகத்தில் இல்லை. மி சோனுக்கு எட்டு வருடம் கழித்து ஒரு பங்குனியில் தனியாக மறுபடி போனேன். நல்ல வெயில், செங்கல் மேல் புல். 1969 அமெரிக்கக் குண்டுவீச்சில் விழுந்த பெரிய கோபுரம் இருந்த இடத்தில் வெறும் மேடு. அன்று முழுக்க அங்கேயே இருந்தேன், வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

ஆகவே ச., நாளைக் கிள்ளாதீர்கள், நாட்டை நீக்குங்கள். உங்கள் திட்டத்தில் பதின்மூன்று ஊர், அதாவது பன்னிரண்டுக்கும் மேல் இடம் மாறுகிறீர்கள். மூட்டை கட்டி, நிலையம் போய், காத்திருந்து, புது அறை தேடிச் சாவி வாங்குவதற்குள் ஒவ்வொரு முறையும் முக்கால் நாள் போய்விடும். மலேசியாவை நீக்குங்கள். அது பட்டியலில் வந்ததற்குக் காரணம் அந்த டிக்கெட் மட்டும்தான், பினாங்கிலும் அப்போது மழைதான். கம்போடியாவையும் நீக்குங்கள். அங்கோருக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாள் சீட்டு 62. அந்த மூன்று நாளைப் பத்து நாளுக்குள் விட்டு விட்டுப் பயன்படுத்தலாம். அப்படிப் போக வேண்டிய இடத்துக்கு ஒரு நாள் ஒதுக்குவதற்குப் பதில் போகாமலே இருக்கலாம். ஹுவே, ஹோய் ஆன், சைகோன் மூன்றும் இன்னொரு பங்குனிக்கு.

லாவோஸைப் பற்றி அல்லவா கேட்டிருந்தீர்கள்! நீக்கவே கூடாது. நவம்பரில் லாவோஸ், வட தாய்லாந்து, ஹனோய் மூன்றிலும் வானம் தெளிந்து, கொஞ்சம் குளிரும்கூட. ஆனால் திசையைத் திருப்புங்கள். தீபாவளி அமாவாசைக்கு அடுத்த பௌர்ணமியில்தான் தாய்லாந்தில் லோய் கிரதோங், ஆற்றில் விளக்கு விடுவார்கள். சியாங் மாயில் அதை ஒட்டி யீ பெங், வானத்தில் விளக்கு. உங்கள் கணக்குப்படி நாலாம் நாளே சியாங் மாயை முடித்துவிட்டு, பௌர்ணமியன்று ஹுவேயில் குடைக்குள் நிற்பீர்கள்.

முதலில் ஹனோய் போய் ஐந்து நாள் இருங்கள், ஹா லாங்கும் அதற்குள். அங்கிருந்து லுவாங் பிரபாங்குக்கு விமானம், ஒரு மணி நேரம்தான். பேருந்து வேண்டாம், ஒரு நாள் முழுக்க மலைவளைவு. வியன்டியான் போக ஆசை என்றால் 2021 டிசம்பரிலிருந்து ரயில் ஓடுகிறது, இரண்டு மணி நேரம், போய்த் திரும்பலாம். போகாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. அப்புறம் மெதுபடகு. மீகாங் ஆற்றில் எதிர்நீரில் இரண்டு நாள், இரவு பாக்பெங்கில் தங்கி, ஹுவாய் சாய் வரை. எல்லோரும் கீழ்நோக்கி வருவார்கள், நீங்கள் மேல்நோக்கிப் போனால் படகில் கால் நீட்ட இடம் கிடைக்கும். பாலம் தாண்டினால் தாய்லாந்து, அங்கிருந்து சியாங் மாய்க்குப் பேருந்து. பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள், மிச்ச நாள் முழுக்க அங்கேயும் பாங்காக்கிலும்.

மற்ற எதையும் முன்பதிவு செய்ய வேண்டாம். சியாங் மாயில் அறை மட்டும் இந்த வாரமே பிடித்துவிடுங்கள், அந்தப் பௌர்ணமிக்குக் கடைசி நேரத்தில் கிடைக்காது.