கோவலனைக் கொன்ற பழி யாரைச் சேரும்?

கோவலனின் சாவுக்கு ஊழ்வினையே காரணம் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகளே எழுதிவிட்ட பிறகு, பாண்டியனையோ பொற்கொல்லனையோ அதற்குப் பொறுப்பாக்குவது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். முறைதான் என்பது என் பதில். அந்தப் பழியில் பெரும்பங்கு பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரியது. எஞ்சியது பொற்கொல்லனோடு நின்றுவிடாமல், வாளோடு போன காவலர்களையும் சேரும்.

கோவலனே தன் அழிவைத் தேடிக்கொண்டான் என்றும், அவன் கூடி வாழ்ந்த ஆடல்மகள் மாதவியால் வந்த வினை என்றும் சொல்பவர்கள் உண்டு. ஹட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் எனக்கு, விடைத்தாள்களில் அதிகம் காணக் கிடைப்பது இந்த விடைதான். கோவலன் பொருளைத் தொலைத்தான், மனைவியை வாடவிட்டான். அவன் போற்றா ஒழுக்கம் புரிந்தான் என்பதைக் கண்ணகியே அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். ஆயினும் அவை அவன் மனைவிக்கும் பெற்றோருக்கும் இழைத்த தவறுகள். அவற்றுக்காக மதுரைத் தெருவில் அவன் கழுத்துக்கு வாள் வரவேண்டியதில்லை. மாதவியோ அவன் புகார் நகரை விட்டுப் போனதையே பிறகுதான் அறிந்தாள். அவன் மதுரைக்கு வர நேர்ந்தது எப்படி என்பதற்கு இவையெல்லாம் விடையாகலாம், அவன் கொல்லப்பட்டதற்கு ஆகா.

பொற்கொல்லன் செய்தது வஞ்சகம், அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. அரசியின் சிலம்பைத் திருடி வைத்திருந்தவன், அதே போன்ற சிலம்பொன்றை விலைபேச வந்த அயலூரானைக் கண்டதும் தன் திருட்டை அவன் தலையில் கட்டத் துணிந்தான். தன் குடிலருகே காத்திருக்கச் சொல்லிவிட்டு நேரே அரண்மனைக்குப் போனான். காப்பியத்தில் இவனளவு கெட்ட எண்ணம் வேறு எவருக்கும் இல்லை. ஆனாலும் எண்ணம் எவ்வளவு கெட்டதாக இருந்தாலும், ஓர் ஆளைக் கொல்லும் அதிகாரம் அவனிடம் இல்லை. அதை அவன் அரசனிடம் போய்த்தான் வாங்க வேண்டியிருந்தது. யார் அதிகம் தீயவர் என்பதும் யார் அதிகம் பொறுப்பாளி என்பதும் இரு வேறு கேள்விகள் என்பதைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் இந்த வழக்கில் ஓர் அடிகூட நகர முடியாது.

அரசன் அந்த அதிகாரத்தைக் கொடுத்த இடத்தைக் கொலைக்களக் காதையில் மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆடல் மகளிரை அரசன் கண்டு களித்ததில் ஊடல் கொண்ட கோப்பெருந்தேவி, தலைநோவு என்று சொல்லி எழுந்து போயிருக்கிறாள். அவளைத் தேடி அரசன் அந்தப்புரம் நோக்கிப் போகும் வழியில்தான் பொற்கொல்லன் அவன் காலில் விழுகிறான். அரசன் அமரவில்லை, அமைச்சரை அழைக்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் ‘கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு’ என்று காவலரிடம் சொல்லி அனுப்புகிறான். ‘இருக்குமானால்’ என்று நிபந்தனை வைத்தானே என்று அவனுக்காக வாதாடலாம். சிலம்பு கையில் இருப்பது திருட்டுக்குச் சான்றாகாது என்பது நாடாள்பவனுக்குத் தெரியாதா? கோவலன் கையில் இருந்தது ஒரு சிலம்பு, அதன் இணை அவர்களுக்கு அடைக்கலம் தந்த ஆய்ச்சி மாதரியின் வீட்டில் கண்ணகியிடம் இருந்தது. ‘மற்றது எங்கே’ என்ற ஒரே கேள்வியில் வழக்கு முடிந்திருக்கும். அதுவும் வேண்டாம், சிலம்பைத் திறந்து உள்ளே இருக்கும் பரல் என்ன என்று பார்த்திருந்தாலே போதும். தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்பது அரசனுக்கு நன்றாகத் தெரியும். பிறகு கண்ணகி தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றபோது, தடுமாறாமல் அதைச் சொன்னவன் அவன்தான். அவள் உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். அவள் ‘தேரா மன்னா’, அதாவது ஆராயாத மன்னனே, என்று அவனை அழைத்ததில் வசை எதுவும் இல்லை, நடந்தது அது ஒன்றுதான்.

காவலர்களைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அந்தக் காட்சிதான் காப்பியத்திலேயே மனத்தை அதிகம் தொந்தரவு செய்வது. கோவலனைப் பார்த்தவுடனே, இவன் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று அவர்களில் ஒருவன் சொல்கிறான். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கிக் கள்வருக்கு எட்டு வகைத் துணை உண்டு என்று நீட்டி முழக்குகிறான். இன்னொரு காவலன், தான் ஒருமுறை கள்வனிடம் ஏமாந்த கதையைச் சொல்கிறான். செய்யாவிட்டால் அரசன் நம்மை வருத்துவானே, என்ன செய்வது என்றும் பேச்சு எழுகிறது. இவ்வளவு நேரமும் கோவலன் அவர்கள் எதிரிலேயே இருக்கிறான், அவனிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியில் கல்வியறிவில்லாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஐயம் இல்லாதவன் வெட்டினான், ஐயம் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் குடிகாரனைவிட, முதலில் சரியாகப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பிறகு வாயை மூடிக்கொண்டவன்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இப்படிக் கைமாறிப் போகும் ஆணை புதிதல்ல. வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை போட்டுக்கொடுப்பார், தோட்டத்து மேலாளரான துரை விசாரிக்காமல் வேலையை நிறுத்தச் சொல்வார், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவிலிருந்து சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பவர்கள் ‘நாங்க என்ன செய்ய, துரை சொன்னாரு’ என்பார்கள். முன்னோர் சொல்லிக் கேட்ட இந்தக் கதைகளில் எல்லாருமே ஏசுவது கணக்கப்பிள்ளையைத்தான். எய்தவன் இருக்க அம்பை நோகிறோமோ என்று எனக்கு அப்போதே தோன்றியதுண்டு.

இனி ஊழ்வினைக்கு வருகிறேன். காப்பியத்தின் முன்னுரையான பதிகம் கூறும் மூன்று உண்மைகளில் ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது மூன்றாவது. முதலாவது ‘அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்’ என்பது. ஊழ் எல்லாரையும் விடுவித்துவிடும் என்றால் அரசியல் பிழைத்தவனுக்கு அறம் ஏன் எமனாக வரவேண்டும்? இளங்கோவடிகள் இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறார். அந்த முற்பிறப்புக் கதையைத்தான் பாருங்கள். சிங்கபுரத்து அரச ஊழியனான பரதன், கடைத்தெருவில் பொருள் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனைப் பகைவரின் ஒற்றன் என்று அரசனிடம் பொய் சொல்லிக் கொல்லச் செய்கிறான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபமே பரதன் கோவலனாகப் பிறந்தபோது பலித்தது என்று மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் கூறுகிறது. ஆக, ஊழ் என்று நாம் சுட்டும் இடத்திலும், ஒருவன் பேச்சைக் கேட்டு ஓர் அரசன் விசாரிக்காமல் ஒரு வணிகனைக் கொன்ற செய்தியே கிடக்கிறது. தவிரவும், இந்தக் கதை எல்லாம் முடிந்த பிறகு சொல்லப்படுவது. ஆணையிட்ட வேளையில் பாண்டியனுக்குப் பரதனையும் தெரியாது, நீலியையும் தெரியாது. அறியாத ஒன்றைக் காட்டித் தன் செயலுக்கு அவன் விலக்குக் கேட்க முடியாது. அவன் கேட்கவும் இல்லை. ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று சொல்லி விழுந்து இறந்தவன், பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டதைத் தன் பிழையாகவே சொன்னான்.

எங்கள் மலைநாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு வடிவமும் வழங்குகிறது. கண்டிப் பெரஹராவில் பத்தினி தேவாலயத்துக்கெனத் தனி ஊர்வலம் உண்டு. சிங்கள மரபில் கண்ணகி பத்தினித் தெய்வம், கோவலனுக்குப் பெயர் பாலங்க. அங்கே பாண்டியன் மூன்று கண் கொண்ட கொடுங்கோலன். அந்த வடிவத்தில் உங்கள் கேள்விக்கே இடமில்லை, கொடியவன் கொடுமை செய்தான், அவ்வளவுதான். இளங்கோவின் பாண்டியனோ செங்கோல் தவறாதவன் என்று பெயர் எடுத்தவன். நல்லவன் ஒருவன் அவசரத்தில் செய்த கொலைக்கு எவ்வளவு பொறுப்பு என்று கேட்க நேர்வதாலேயே நம் காப்பியம் இன்னும் கனக்கிறது.

பழியைத் தாமாக ஏற்றுக்கொண்டவர்கள் யார் என்பதையும் கவனியுங்கள். அடைக்கலப் பொருளை இழந்தேன் என்று மாதரி தீயில் புகுந்தாள். மதுரை வரை அவர்களுக்கு வழித்துணையாக வந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர் விட்டார். இருவருக்கும் இந்தச் சாவில் எள்ளளவும் பொறுப்பில்லை. வாள் வீசியவனும் உடன் நின்றவர்களும் என்ன ஆனார்கள் என்ற செய்தியே காப்பியத்தில் இல்லை. நெடுஞ்செழியனுக்குப் பின் அரசேறிய, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்வதாகப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பலியிட்டான் என்று நீர்ப்படைக் காதை கூறுகிறது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சகத்துக்கு ஆயிரம் பேர் தலை கொடுத்தார்கள், அவர்களில் எவரிடமும் எவரும் எதையும் விசாரித்ததாகத் தெரியவில்லை. கோவலன் சாவுக்காவது ஊழ், வஞ்சகம், அவசரம் என்று மூன்று காரணங்களை எடுத்து விவாதிக்கலாம். அந்த ஆயிரம் பேருக்கு வெற்றிவேற்செழியன் ஒருவனே பொறுப்பு, அதைச் சாந்தி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.