டாக்டரிடம் கேளுங்கள்: எட்டுப் பேர், ஒரு ஏர்கோன், ஒரே இருமல்

செமஸ்டர் தொடங்கிவிட்டது என்பதை எனக்கு வரும் கடிதங்களே சொல்லிவிடும். நாலா திசையிலிருந்தும் மாணவர்கள் வந்து இறங்கிக் கொஞ்ச நாளில், பல்கலைக்கழகங்களில் வேலை பார்ப்பவர்கள் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை வந்தவற்றில் மற்றவர்களுக்கும் உதவக்கூடிய சிலவற்றை எடுத்துக்கொண்டேன். பெயரையும் வேலையிடத்தையும் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்தார்கள், போடவில்லை.

கேள்வி: கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிர்வாக அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரே அறையில் எட்டுப் பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்த வாரத்துக்குள் வரிசையாக எல்லாரும் படுத்துவிடுகிறோம். தினமும் மேசையைத் துடைக்கிறோம், வாசலிலேயே கைத்தூய்மி வைத்திருக்கிறோம், ஏர்கோனைக்கூட இப்போதுதான் சர்வீஸ் செய்தார்கள். அப்படியும் நிற்கவில்லையே?
– ஒரு வாசகி, பங்சார்

பதில்: இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், சன்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அறையில் சன்னலைத் திறந்து எத்தனை மாதம் ஆகிறது?

சுவரில் மாட்டியிருக்கும் ஏர்கோன் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று நன்றாகப் படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் பெட்டிக்கும் வெளியே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடுவது குளிரூட்டும் வாயு மட்டும்தான். அறையில் இருக்கும் அதே காற்றை உறிஞ்சி, குளிர வைத்து, திரும்ப உங்கள் முகத்திலேயே ஊதுகிறது. சர்வீஸ் செய்ததில் தூசியும் பூஞ்சையும் போயிருக்கும், அது நல்லதுதான், ஆனால் காலையில் ஒருவர் இருமிய காற்று அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. சளிக்காய்ச்சலும் கோவிட்டும் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. பேசும்போதும் இருமும்போதும் வெளியேறும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கும். மேசை துடைப்பதை விட வேண்டாம், ஆனால் நீங்கள் காவல் போட்டிருப்பது கொல்லைப்புறக் கதவுக்கு.

சந்தேகமாக இருந்தால் கரியமில வாயுவை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி மேசைமேல் வையுங்கள். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்குக்கு, சற்று மேலே காட்டும். நம் நாட்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர விதிமுறையில் உச்ச அளவு 1000. கதவைச் சாத்திக்கொண்டு எட்டுப் பேர் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அதைத் தாண்டுவது சாதாரணம். அந்த வாயுவால் உங்களுக்குக் காய்ச்சல் வராது, அடுத்தவர் மூச்சை எவ்வளவு திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். மீட்டரைப் படம் பிடித்துக் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தோடு இணையுங்கள். "அறை புழுக்கமாக இருக்கிறது" என்று எழுதினால் யாரும் எழுந்து வரமாட்டார்கள், "மதியம் மூன்று மணிக்கு 2100" என்று எழுதினால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

அதுவரை, காலையில் வந்ததும், சாப்பாட்டு நேரத்திலும், தேநீர் நேரத்திலும் கதவையும் எதிர்ப்பக்கச் சன்னலையும் சேர்த்துப் பத்து நிமிடம் திறந்து விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. மின்கட்டணம் ஏறுகிறதே என்று யாராவது முணுமுணுப்பார்கள், எட்டுப் பேரும் மாறி மாறி எம்.சி. (மருத்துவச் சான்றிதழ் விடுப்பு) எடுப்பதற்கு என்ன செலவாகிறது என்று கேளுங்கள். சன்னலே திறக்காத கண்ணாடிக் கட்டடம் என்றாலோ, வெளியே புகைமூட்டம் என்றாலோ, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுத் தூய்மைக் கருவிதான் வழி. அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி, அதை ஐந்தால் பெருக்குங்கள். ஒரு மணி நேரத்தில் அத்தனை கன மீட்டர் காற்றையாவது அந்தக் கருவி சுத்தம் செய்ய வேண்டும். பெட்டியிலேயே அளவு போட்டிருக்கும். வாங்கிய பிறகு கோப்பு அலமாரிக்குப் பின்னால் தள்ளி வைத்து, சத்தம் கேட்கிறது என்று ஆகக் குறைந்த வேகத்தில் ஓட்டுகிறார்கள் பாருங்கள், அதற்கு வாங்காமலே இருக்கலாம். இன்னொன்று, இந்தக் கருவி கிருமியைப் பிடிக்கும், கரியமில வாயுவைக் குறைக்காது. ஆகவே மீட்டரில் எண் இறங்கவில்லையே என்று பயப்பட வேண்டாம்.

அப்புறம் அந்த முதல் ஆள். காய்ச்சலுக்கு இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு, தேர்வுக் கண்காணிப்புக்கு ஆள் இல்லை என்று வந்து நிற்பவர் எல்லா அலுவலகத்திலும் உண்டு, மேலதிகாரிகளும் "கடமை உணர்ச்சி" என்று பாராட்டுவார்கள். சளிக்காய்ச்சல் வந்தவர் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே, தெரிந்து ஐந்து முதல் ஏழு நாள் வரைக்கும் பரப்பலாம். மருந்து போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு வரட்டும், வந்த பிறகும் சில நாள் முகக்கவரி அணியட்டும். நமக்குக் குளிர்காலம் கிடையாது, அதனால் சளிக்காய்ச்சல் ஆண்டு முழுக்கச் சுற்றுகிறது. கிருமியும் மாறிக்கொண்டே இருப்பதால் தடுப்பூசியை ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும், போட்டு இரண்டு வாரம் ஆனால்தான் பலன் தெரியும்.

கேள்வி: எங்கள் புலத்தில் வாரம் ஒருமுறை ஆள் வைத்துக் கிருமிநாசினிப் புகை அடிக்கிறார்கள். கண் எரிகிறது. இது தேவையா?
– ஒரு வாசகர், செராஸ்

பதில்: தேவையில்லை. கட்டடத்துக்குள் இப்படித் தெளிப்பதையும் புகை அடிப்பதையும் உலகச் சுகாதார நிறுவனமே 2020 மே மாதம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடித்த அரை மணி நேரத்தில் இருமல்காரர் ஒருவர் உள்ளே வந்தால் எல்லாம் பழையபடிதான். அந்தக் காசில் காற்றை வெளியேற்றும் விசிறி போடச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் துறையில் ஒரு விரிவுரையாளருக்குக் காசநோய் வந்து, விடுப்பு முடிந்து இப்போது வேலைக்குத் திரும்பியிருக்கிறார். பேன்ட்ரியில் அவருடைய கோப்பையைத் தனியாக ஒதுக்கி மார்க்கரில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.
– ஒரு வாசகர், செந்தூல்

பதில்: முதல் வேலையாக அந்தக் கோப்பையை மற்ற கோப்பைகளோடு வையுங்கள். காசநோய் கோப்பையாலோ தட்டாலோ கைகுலுக்குவதாலோ வராது. நுரையீரலில் காசநோய் இருந்து இன்னும் மருந்து தொடங்காத ஒருவரோடு மூடிய அறையில் நெடுநேரம், பல நாள் ஒரே காற்றைச் சுவாசித்தால் வரும். சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரம் போல் ஆனால் பெரும்பாலோர் பிறருக்குப் பரப்ப மாட்டார்கள், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வேலைக்கே அனுப்புவார்கள். மருந்து ஆறு மாதம் ஓடும். அவரை இப்போது ஒதுக்கி வைத்தால், மாத்திரை வாங்கக் கிளினிக்குக்குப் போவதைக்கூட ஒளித்துச் செய்வார், பாதியில் விட்டுவிடவும் கூடும். அப்போதுதான் உண்மையிலேயே நீங்கள் பயப்பட வேண்டும்.

நீங்கள் யோசிக்க வேண்டியது நோய் தெரிவதற்கு முந்தைய மாதங்களைப் பற்றி. அவரோடு ஒரே அறையில் இருந்தவர், அவரிடம் ஆய்வு செய்த மாணவர், தினமும் காரில் ஒன்றாக வந்தவர் – இவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும். தொற்று நோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 1988இன்படி காசநோயை மருத்துவர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அங்கிருந்து தொடர்பில் இருந்தவர்களைத் தேடி வருவார்கள். அந்த நேரத்தில் "எனக்கு மீட்டிங் இருக்கிறது" என்று நழுவுபவர்கள் பெரும்பாலும் பெரிய பதவியில் இருப்பவர்கள்தான். மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை அல்லது தோலில் ஓர் ஊசி, அவ்வளவுதான். கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று வந்தாலும் அது நோய் இல்லை, அவர் யாருக்கும் பரப்பவும் மாட்டார். அப்படி இருப்பவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும், அதையும் தடுக்க மருந்து உண்டு. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்கு கூடுதல், நம் ஆட்களில் அது எத்தனை வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், வகுப்பில் கத்திப் பேசுவதால்தான் என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் சளியைச் சோதித்துவிடுங்கள்.

கேள்வி: என் அம்மா ஒரு குத்தகை நிறுவனத்தின் மூலம் பல்கலைக்கழகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறார். காய்ச்சல் வந்து எம்.சி. எடுத்தால் அன்றைய சம்பளத்தை வெட்டுகிறார்கள். அதனால் காய்ச்சலோடே போகிறார். சட்டம் என்ன சொல்கிறது, டாக்டர்?
– ஒரு மகள், கெப்போங்

பதில்: வெட்டக் கூடாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு எழுதியே இருக்கிறது: வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகாதவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 18, அதற்கு மேல் 22. மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு. அம்மா கவனிக்க வேண்டியது ஒன்று: விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று ஆக்கிவிடலாம். வாயால் சொன்னால் போதாது, எம்.சி.யைப் படம் பிடித்துச் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருக்கட்டும். சம்பளச் சீட்டுகளும் வேண்டும். அப்படியும் வெட்டினால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள், வழக்கறிஞர் தேவையில்லை.

குத்தகைக்கு விட்டாகிவிட்டது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று பல்கலைக்கழகமும் கையைக் கழுவ முடியாது. தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையைக் குத்தகைக்கு விடுபவருக்கும் அதில் பொறுப்பு உண்டு, பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். ஒரு நாளில் எல்லா மாடிக்கும் போய், எல்லாக் கதவுக் கைப்பிடியையும் தொடுபவர் உங்கள் அம்மாதான். அவர் காய்ச்சலோடு வேலைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டே, கூட்டம் போட்டு "தொற்றுத் தடுப்பு" பேசுகிறவர்களை என்ன சொல்வது! அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: கழிப்பறை கழுவும் அமிலத்தையும் குளோரோக்ஸ் போன்ற வெளுப்புத் திரவத்தையும் எப்போதும் ஒன்றாகக் கலக்கக் கூடாது, அதில் வரும் வாயு நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

கேள்வி: பக்கத்து மேசைக்காரருக்கு அம்மை போட்டிருக்கிறது. வீட்டில் வேப்பிலை கட்டி, யாரிடமும் சொல்லாமல் வெறும் விடுப்பு என்று எழுதிவிட்டார். நான் நான்கு மாதக் கர்ப்பிணி. எனக்குச் சின்ன வயதில் வந்ததா என்று அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை.
– ஒரு வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே உங்கள் பிரசவ மருத்துவரைப் பாருங்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவும், ஆகவே அவர் அலுவலகத்தில் இருந்த கடைசி நாட்களில் நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா என்பதுதான் கேள்வி. ஒரு ரத்தப் பரிசோதனையில் உங்களுக்கு எதிர்ப்புசக்தி இருக்கிறதா என்று தெரிந்துவிடும், பலருக்கு இருக்கும். இல்லையென்றால் அருகில் இருந்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டிய, ஆயத்த எதிர்ப்புசக்தி உள்ள ஊசி ஒன்று உண்டு, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கர்ப்பமாக இருக்கும்போது இந்த அம்மை வந்தால் தாய்க்கு நிமோனியா வரை போகலாம், பிள்ளையையும் பாதிக்கலாம். சின்னம்மைத் தடுப்பூசியை இப்போது போட முடியாது, பிரசவத்துக்குப் பிறகுதான்.

பக்கத்து மேசைக்காரர் மேல் கோபப்படாதீர்கள், ஆனால் அவர் சொல்லியிருக்க வேண்டும். வேப்பிலை கட்டுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று தெருவே புரிந்துகொண்ட காலம் இருந்தது. அதே சேதியை இன்று ஒரு வாட்ஸ்அப்பில் மேலதிகாரிக்கு அனுப்பினால் போதும். கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகே அவர் வேலைக்கு வரலாம்.

கேள்வி: பிள்ளைக்குக் கை, கால், வாய்ப்புண் நோய். பல்கலைக்கழகப் பிள்ளைகள் காப்பகத்தில்தான் விடுகிறோம். நாங்கள் கைத்தூய்மியை விடாமல் பயன்படுத்துகிறோம், போதுமா?
– ஒரு தந்தை, ஸ்தாப்பாக்

பதில்: போதாது. இந்தக் கிருமிக்கு ஆல்கஹால் கைத்தூய்மி அவ்வளவாக வேலை செய்யாது, வாந்திபேதி உண்டாக்கும் நோரோ வைரஸுக்கும் அப்படித்தான். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 20 வினாடி தேய்த்துக் கழுவுங்கள், முக்கியமாக நேப்பி மாற்றிய பிறகு. கிருமி மலத்தில் வாரக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். காப்பகத்தில் பொம்மைகளைக் குளோரோக்ஸ் கலந்த தண்ணீரில் கழுவுகிறார்களா என்று கேளுங்கள். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தாத்தா பாட்டி இருந்தால் அவர்களும் கையைக் கழுவட்டும்.

கேள்வி: ஆய்வுக்கூட உதவியாளராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். காற்று ஊதும் மேசையில் வைத்துத்தான் நோயாளிகளின் சளி மாதிரிகளைத் திறக்கச் சொல்கிறார்கள். பாதுகாப்பானதா?
– ஒரு வாசகி, பெட்டாலிங் ஜெயா

பதில்: தங்கச்சி, காற்று உங்களைப் பார்த்து ஊதுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி ஊதினால் அது மாதிரி கெட்டுப்போகாமல் காப்பாற்றுவதற்காகச் செய்த மேசை, மாதிரியில் இருப்பதையெல்லாம் உங்கள் மூக்குக்கு அனுப்பும். நோயாளியின் மாதிரியைக் காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டுமே திறக்க வேண்டும், அந்தப் பெட்டியின் பக்கத்தில் கடைசியாகச் சோதித்த தேதியோடு ஒரு சீட்டு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மாதிரியைத் திறக்காமல், பல்கலைக்கழகத்தின் பாதுகாப்புப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். புதிதாக வந்தவர் கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கேன்டீனுக்கு அந்த வெள்ளைக் கோட்டோடு போகிறவர்களைப் பார்த்து நீங்களும் போகாதீர்கள்.