கையெழுத்து மட்டும் போதுமா? – நோயாளர் காவு வண்டி உதவியாளருக்கு ஒரு பதில்

வணக்கம். கொடிகாமத்தில் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர் வைத்தியசாலைக்கு வர மறுத்துக் கையெழுத்திட்டதாகவும், மறுநாள் அவர் மயங்கியதால் குடும்பத்தார் உங்களைக் குற்றஞ்சாட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

சுயநினைவும் தெளிவும் உள்ள வயதுவந்த ஒருவர் மறுத்தால், அவரைப் பலவந்தமாக வண்டியில் ஏற்றும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆனால் அவர் உண்மையில் தெளிவாக இருந்தாரா என்பதே இங்கு கேள்வி. சாராய வாடை வீசியது என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள். தலையில் அடிபட்டவர் சிலவேளை நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, மண்டையோட்டுக்குள் குருதி கசியச் சில மணி நேரத்தின் பின் சரிந்துவிடுவார் என்பதால், நாள், இடம், நடந்தது ஆகியவற்றை அவரிடம் கேட்டீர்களா, குருதிச் சீனியைப் பார்த்தீர்களா, ஆபத்தை அவருக்கு விளங்கும் தமிழில் சொன்னீர்களா, கட்டுப்பாட்டு நிலைய வைத்தியருடன் பேசினீர்களா என்பவையெல்லாம் அந்தக் கையெழுத்தைவிடக் கனமானவை. (கை நடுங்க இட்ட கையெழுத்து, என் பார்வையில், உங்களுக்கு எதிராகவே பேசக்கூடும்.)

படிவத்தில் எழுத விடுபட்டவை இருந்தால் பழைய வரிகளைத் திருத்த வேண்டாம்; இன்றைய திகதியும் நேரமும் இட்டு, தனிக் குறிப்பாக மேலதிகாரியிடம் கொடுங்கள். குடும்பத்தாருடன் மரியாதையாகப் பேசலாம். ஆனால் நோயாளியின் விபரங்களையோ படங்களையோ வட்ஸ்அப்பில் எவருக்கும் அனுப்பாதீர்கள். பொலிஸாருக்கு வாக்குமூலம் கொடுக்குமுன் ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.