மதியச் சாப்பாட்டு வரிசையில் கேட்கும் பிரெஞ்சு – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

ஆகஸ்ட் கடைசியில் முதுகலை படிக்க பிரான்சுக்கு, லியோனுக்கு வந்தேன். சென்னையில் பிரெஞ்சு பி2 என்னும் மேல்-இடைநிலை வரை தேறியவள். பேராசிரியர் பாடம் நடத்தினால் ஓரளவு புரிகிறது. பக்கத்தில் உட்காரும் பெண் பேசினால் ஒன்றுமே புரியவில்லை. போன வாரம் பேக்கரியில் போய், ‘ஒரு பகெத் வேண்டும்’ என்று சரியான பிரெஞ்சில்தான் கேட்டேன். கடைக்கார அம்மா ரொட்டியை எடுக்கவில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு ‘போன்ஜூர்’ (வணக்கம்) என்றார். முதல் தேர்வில் இருபதுக்கு 11. ஊரில் 85க்குக் குறைந்ததே இல்லை. மதியம் வாடகை அறைக்கு வந்து, சோறு வடித்துத் தனியாகச் சாப்பிடுகிறேன். ஞாயிறு என்றால் கடைகூட இல்லை. திரும்பிவிடலாமா என்று இருக்கிறது.

– ஒரு மாணவி, லியோன்

அன்புள்ள தங்கைக்கு,

2016லிருந்து இரண்டு வருடம் நானும் அதே ஊரில்தான் படித்தேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். திரும்ப வேண்டாம்.

முதலில் மதிப்பெண். அங்கே 10 எடுத்தால் தேர்ச்சி. 12 ‘ஓரளவு நன்று’, 14 ‘நன்று’, 16 ‘மிக நன்று’. இருபதுக்கு இருபது வாங்குவது மிக அபூர்வம். வேற்று மொழியில் எழுதிய முதல் தேர்விலேயே 11 என்றால் நீங்கள் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் அதை 55 சதவீதம் என்று மாற்றிச் சொல்லாதீர்கள், வீணாகப் பயந்துவிடுவார்.

பேக்கரி அம்மா உங்களைப் பிடிக்காமல் அப்படிச் செய்யவில்லை. கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும். சொல்லாமல் கேட்டால், வாசலில் நின்று கூப்பிடாமல் நேராக அடுப்படிக்குள் போய் நிற்பது போல அவர்களுக்கு. நாளைக்கே போய்ச் சொல்லிப் பாருங்கள், அதே அம்மாவின் முகம் மாறும்.

இனி உங்கள் பக்கத்தில் உட்காரும் பெண். ‘தெரியாது’ என்பதற்கு ‘ஜெ ந சே பா’ என்று படித்திருப்பீர்கள். அவள் ‘ஷே பா’ என்று முடித்துவிடுவாள். எதிர்மறைக்கு வரும் ‘ந’ பேச்சில் பெரும்பாலும் விழுந்துவிடும். ‘இருக்கிறது’ என்பதற்கான ‘இல் இ ஆ’ வெறும் ‘யா’ ஆகிவிடும். தமிழ் பேசுகிறவர்களுக்கு இது புதிதா? ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு ‘தெர்ல’ என்றுதானே பேசுகிறோம். பாடப்புத்தகத்தில் மட்டும் தமிழ் படித்த ஒருவர் கோயம்பேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எப்படி முழிப்பார், அந்த நிலைதான் இப்போது உங்களுக்கு. நீங்கள் படித்தது தப்பில்லை, அது எழுத்து பிரெஞ்சு. பேச்சு பிரெஞ்சு காதில் விழுந்து விழுந்துதான் வரும்.

அது எங்கே விழும்? மாணவர்கள் ‘ரெஸ்தோ யூ’ என்று சொல்லும் பல்கலைக்கழக உணவகத்தில். முதல் செமஸ்டர் முழுக்க நானும் எலுமிச்சை சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டு போய்த் தனியாகச் சாப்பிட்டவள்தான். காசு மிஞ்சியது, ஆனால் வகுப்பில் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. 2017 ஜனவரியில் ஒருநாள் டப்பா எடுத்துப்போகாததால் அந்த வரிசையில் நின்றேன். அப்போது 3 யூரோ 25 சென்ட். சைவத்துக்கு அன்றைக்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. வெந்த காய்கறி, பருப்பு வகை ஏதாவது, ரொட்டி. ஆனால் அந்த மேசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். வீட்டுக்காரர் தொல்லை, ரயில் வேலைநிறுத்தம், எந்தப் பேராசிரியர் தாமதமாகத் திருத்துவார், எல்லாம் வரும். அங்கேதான் எனக்கு ‘ஷே பா’ புரிந்தது. இன்னொன்றும் அங்கே தெரிந்தது. அதுவரை வகுப்புத் தோழர்களை மரியாதை என்று நினைத்து ‘வூ’ போட்டுப் பேசியிருக்கிறேன். நம் ‘நீங்கள்’ போன்றது அது. சக மாணவர்களுக்குள் ‘நீ’ என்னும் ‘தூ’தான். ‘எங்களோடு பழக உனக்கு விருப்பம் இல்லையோ என்று நினைத்தோம்’ என்றாள் ஒருத்தி. மூன்று மாதம் அவர்கள் காதில் என் மரியாதை விலகலாக விழுந்திருக்கிறது! இன்றைக்கும் நினைத்தால் மனசு சங்கடப்படுகிறது.

ஞாயிறு காலை சோன் ஆற்றங்கரையில், சேன்-அந்த்வான் பக்கம் சந்தை இருக்கும். மதியத்துக்குள் போய்விடுங்கள். அப்புறம், ஆகஸ்டில் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீண்டகால மாணவர் விசாவை வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்தாக வேண்டும். செய்யவில்லை என்றால் இன்றே செய்யுங்கள்.

டிசம்பர் 8 வருகிறது, லியோனின் விளக்குத் திருநாள். 1852 செப்டம்பரில் அந்த ஊரின் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலையை நிறுவ இருந்தார்கள். சோன் ஆற்று வெள்ளத்தால் அது டிசம்பர் 8க்குத் தள்ளிப்போனது. அன்றும் புயல். வானம் தெளிந்ததும் ஊர்மக்கள் தாங்களாகவே ஜன்னல்தோறும் விளக்கேற்றினார்கள். இன்றும் அந்த நாளில் கண்ணாடிக் கிண்ணங்களில் மெழுகுவர்த்தி வைக்கிறார்கள், நம் கார்த்திகை போலவே. முதல் வருடம் அதைப் பார்த்துத் தெருவிலேயே அழுதேன். கடைகளில் அந்த மெழுகுவர்த்தியை ‘லுமினியோன்’ என்று கேளுங்கள், பாக்கெட்டாகக் கிடைக்கும். தீப்பெட்டி மட்டும் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். இருட்டியிருக்கும், அதனால் ‘போன்சுவார்’ (மாலை வணக்கம்) என்று தொடங்குங்கள்.

அன்புடன்,
அக்கா